எரிதல் ஆய்வகத்தில் இன்ஜினியர் வேலை: பி.எச்.டி. இல்லாமல் போகலாமா?

கேள்வி இதுதான். எம்.இ. தெர்மல் முடித்திருக்கிறீர்கள். ஒரு பல்கலைக்கழக எரிதல் ஆய்வகத்தில் இன்ஜினியராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. ஒப்பந்த வேலை. ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும், கூடவே வெளியிலிருந்து வரும் தொழிற்சாலைகளுக்கும் தொழில்நுட்ப உதவி செய்ய வேண்டும். நண்பர்கள் "அது லேப் அசிஸ்டென்ட் வேலைதானே, பி.எச்.டி. இல்லாமல் அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்" என்கிறார்கள். போகலாமா, போனால் எதிர்காலம் உண்டா?

போகலாம். ஆனால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் அப்படிப்பட்ட ஒரு ஆய்வகத்தில் பல வருடம் இருந்துவிட்டு, அப்புறம் வாயு ஓட்டத்தை அளக்கும் கருவிகளை வாங்கியவர்களுக்கு உதவும் வேலைக்கு மாறியவன், அதனால் இரண்டு பக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். ஆய்வகத்திலிருந்து வெளியே போகிற எண் உண்மையா இல்லையா என்பதற்குக் கடைசியில் பொறுப்பு அந்த இன்ஜினியர்தான். பேராசிரியர் கேள்வியை எழுப்புகிறார், மாணவர் நாலைந்து வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த மீட்டர் எப்போதிலிருந்து கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது என்பது தெரிந்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இதில் உங்களுக்கு ருசி இருந்தால் இதைவிட நல்ல வேலை குறைவு.

இது புதிய பதவியும் இல்லை. வேதியியலாளர் ராபர்ட் பன்சன் 1852இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அந்த ஊருக்கு நிலக்கரி வாயு வரத் தொடங்கியிருந்த காலம். 1855இல் அவருடைய புது ஆய்வகக் கட்டடம் தயாரானது. புகையில்லாத, மஞ்சள் ஒளியில்லாத, நல்ல சூடான சுடர் அவருக்கு வேண்டியிருந்தது. வாயுவையும் காற்றையும் எரியும் இடத்துக்கு வருவதற்கு முன்பே குழாய்க்குள் கலந்துவிடலாம் என்பது யோசனை. அதற்கு முன்னோடியாக ஃபாரடே செய்து பார்த்த பர்னர் ஒன்றும் இருந்தது. ஆனால் காற்றுத் துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், வாயு வரும் துளை எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும், குழாய் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதெல்லாம் சரியாக அமையாவிட்டால் சுடர் குழாய்க்குள் இறங்கிவிடும், இல்லாவிட்டால் மேலே தூக்கி அணைந்துவிடும். அதை உலோகத்தில் சரியாகச் செய்து கொடுத்தவர் பல்கலைக்கழக மெக்கானிக் பீட்டர் டெசாகா. அந்த நிறமற்ற சுடர் கிடைத்த பிறகுதான், உப்பைத் தூவினால் வரும் நிறத்தைப் பின்னணி வெளிச்சத்தின் தொந்தரவு இல்லாமல் பார்க்க முடிந்தது. இயற்பியலாளர் கிர்க்காஃபும் பன்சனும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியை வைத்து 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தது அந்தச் சுடரை வைத்துத்தான். பர்னருக்குப் பன்சன் பெயர் வந்தது, டெசாகா பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியோடு நிற்கிறது. இன்றைக்கும் அந்த நிலை பெரிதாக மாறவில்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சரி, தினசரி வேலை என்ன? பெரும்பகுதி வாயுவை அளப்பதுதான். லேசர், அதிவேகக் கேமரா எல்லாம் பார்க்க அழகாக இருக்கும், விருந்தினர் வந்தால் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் சுடருக்குள் என்ன போகிறது என்பது சரியாகத் தெரியாவிட்டால் அதற்குமேல் எடுக்கும் எந்தப் படத்துக்கும் அர்த்தம் கிடையாது. மீத்தேனை முழுதாக எரிக்க அதைப்போல் ஏறக்குறைய 9.5 மடங்கு கன அளவு காற்று வேண்டும். அந்தச் சரியான கலவையில் சுடர் நொடிக்கு 37 சென்டிமீட்டர் அளவுக்குப் பரவும். அந்தக் கலவையின் எரிபொருள் விகிதத்தை 1 என்று வைத்து, எரிபொருளைக் குறைத்து 0.7 விகிதத்துக்குக் கொண்டுவந்தால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும், 0.6க்கு வந்தால் பத்துப் பதினொன்றுக்கு விழுந்துவிடும். அந்தச் சரிவில் எரிபொருள் விகிதத்தில் வெறும் 3 சதவீதம் பிசகினால் சுடர் வேகத்தில் சுமார் 10 சதவீதம் பிசகும். எரிபொருள் மீட்டரில் 2 சதவீதம், காற்று மீட்டரில் 2 சதவீதம் பிழை இருந்தால் போதும், அந்த 3 சதவீதம் வந்துவிடும்.

இதில் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் கருவி திரையில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். எந்த வெப்பநிலையில் அளந்த லிட்டர்? சில தயாரிப்பாளர்கள் 0 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைப்பார்கள், சிலர் 20 டிகிரி, சிலர் 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21.1 டிகிரி செல்சியஸ். 0க்கும் 20க்கும் இடையில் மட்டும் 7 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். எரிபொருளுக்கும் காற்றுக்கும் ஒரே தயாரிப்பாளரின் கருவி என்றால் விகிதம் தப்பித்துவிடும், வேகம் மட்டும் 7 சதவீதம் தப்பாக இருக்கும். இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் விகிதமே தப்பு. இதோடு, கருவி நைட்ரஜனில் அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கும், நீங்கள் அதில் மீத்தேனை விடுவீர்கள், அதற்கு ஒரு திருத்தக் காரணி போட வேண்டும், அந்தக் காரணியை ஒருவர் கருவிக்குள்ளேயே போட்டிருப்பார், இன்னொருவர் கணினி நிரலிலும் போட்டிருப்பார், ஆக இரண்டு முறை திருத்தம் நடந்திருக்கும். டெக்னிகல் சப்போர்ட்டுக்கு மாறிய பிறகு எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். "எங்கள் சுடர் வேகம் வெளியான அளவீடுகளோடு ஒத்துப்போகவில்லை, உங்கள் கருவி கெட்டுவிட்டது" என்று ஆரம்பிப்பார்கள். கருவி நன்றாகத்தான் இருக்கும். லிட்டரின் அடிப்படை வெப்பநிலையை ஒரு தாளில் எழுதி மீட்டர் மேலேயே ஒட்டி வைக்கும் பழக்கம் ஆய்வகத்தில் இருந்திருந்தால் ஒரு மாணவரின் பல மாத உழைப்பு வீணாகியிருக்காது. அந்தத் தாளை ஒட்டுகிற ஆள்தான் நீங்கள்.

வெப்பநிலையும் அப்படித்தான். சுடருக்குள் தெர்மோகப்பிளை, அதாவது இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்ப உணரியை, நீட்டினால் அது சுடரின் வெப்பநிலையைக் காட்டாது, தன்னுடைய வெப்பநிலையைக் காட்டும். கம்பி சூடாகிச் சுற்றிலும் கதிர்வீசித் தன் வெப்பத்தை இழப்பதால், கொஞ்சம் தடித்த கம்பியாக இருந்தால் 100 டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். மீத்தேன்-காற்றுச் சுடர் கிட்டத்தட்ட 2,200 கெல்வின் வரை போகும், அங்கே சாதாரண கே வகைக் கம்பி உருகிவிடும், பிளாட்டினம்-ரோடியம் வேண்டும். ஆனால் பிளாட்டினம் தானே வினையூக்கியாக இருந்து தன் மேலேயே வாயுவை எரிய வைக்கும், அதனால் அதன் மேல் மெல்லிய சிலிக்கா பூச்சு கொடுக்க வேண்டும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கும், கையால் செய்யும்போதுதான் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

லேசர் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். சுடர் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஓ.எச். என்ற மூலக்கூறு துண்டை 283 நானோமீட்டர் அருகே உள்ள புற ஊதா ஒளியால் தூண்டி, அது திருப்பி உமிழும் 308 நானோமீட்டர் சுற்றுவட்டார ஒளியைப் படம் எடுப்பார்கள். அதற்கு ஒரு என்.டி-யாக் லேசர், அதன் பச்சை ஒளியால் ஓடும் டை லேசர், அதன் ஒளியை மறுபடி இரட்டிக்கும் படிகம் என்று ஒரு வரிசை. ஏசி நின்றால் எல்லாம் நகர்ந்துவிடும். குவார்ட்ஸ் ஜன்னலில் புகை படிந்தால் சமிக்ஞை குறையும், மாணவர் அதை வேதியியல் மாற்றம் என்று நினைப்பார். தினமும் காலையில் லேசர் ஆற்றலை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம் இருந்தால் அந்தச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீரும்.

இப்போது பாதுகாப்பு. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் சொல்லும் அந்த லேப் அசிஸ்டென்ட் வேலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். இப்போது எல்லா ஆய்வகமும் ஹைட்ரஜன் பக்கம் போகிறது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் எரியும், ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எரியும். அதைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும், மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று உணர்கிறோமே, அந்தப் பொறியில் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சுத்தமான ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மீத்தேன் சுடரை நிறுத்தும் வலைக்கண் வழியாக ஹைட்ரஜன் சுடர் புகுந்து போய்விடும், ஏனென்றால் மீத்தேனுக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளியில் அணையும் சுடர் ஹைட்ரஜனுக்கு 0.6 மில்லிமீட்டரில்தான் அணையும். மீத்தேனுக்காகச் செய்த பர்னரில் "கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து பார்க்கலாம்" என்று மாணவர் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஒரு ஆய்வகத்தில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் முன்கூட்டியே கலந்து ஒரே தொட்டியில், 49 லிட்டர் அளவுக்கு, அழுத்தத்தில் வைத்திருந்தார்கள். அது வெடித்து ஒரு ஆராய்ச்சியாளர் கையை இழந்தார். அது எரிதல் ஆய்வகம்கூட இல்லை, நுண்ணுயிர்களுக்கு உணவாக அந்த வாயுக்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொறி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி நிறைய பேசினார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி அது இல்லை: எரியக்கூடிய கலவையை ஏன் சேமித்து வைக்க வேண்டும்? எரிதல் பக்கம் பழகிய யாரும் அதைப் பார்த்த உடனே கை நடுங்கியிருப்பார்கள். கலப்பதைச் சுடருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள், நடுவில் சுடர் தடுப்பான் போடுங்கள். அணைக்கும்போது முதலில் எரிபொருள், காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஹைட்ரஜன் என்றால் கையால் மெதுவாகத் திருகி மூடக் கூடாது, ஓட்டம் குறையக் குறைய சுடர் உள்ளே இறங்கும், மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு ஒரே அடியில் மூட வேண்டும். அப்புறம் நைட்ரஜன் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது, அசிட்டிலீன் இணைப்பில் செம்பு கூடாது, ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலை மாணவர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பது உங்கள் வேலை, அதில் சலிப்பு வரக் கூடாது.

இவ்வளவும் செய்து ஆராய்ச்சிக்கு என்ன பங்களிப்பு என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம். கொந்தளிப்பான சுடர்களைக் கணினியில் கணிக்கும் மாதிரிகள் சரியா என்று பார்க்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு சுடர் உண்டு, சாண்டியா டி சுடர் என்பார்கள். 25 சதவீதம் மீத்தேன், 75 சதவீதம் காற்று, 7.2 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய், அதைச் சுற்றி 18.2 மில்லிமீட்டர் வரை, நடுச் சுடர் அணையாமல் பிடித்து வைக்கும் பைலட் சுடர். அளவெடுத்தது கலிபோர்னியாவில் லிவர்மோரில் உள்ள சாண்டியா ஆய்வகத்தில், பர்னர் வடிவம் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அந்த பைலட்டுக்கு மீத்தேனை நேராக விடவில்லை, அசிட்டிலீன், ஹைட்ரஜன், காற்று, கரியமில வாயு, நைட்ரஜன் ஐந்தையும் கலந்து, எரிந்த பிறகு 0.77 விகித மீத்தேன்-காற்றுக் கலவை எரிந்ததுபோல் அதே வெப்பமும் அதே அணுக்கணக்கும் வரும்படி அமைத்திருந்தார்கள். ஐந்து வாயுவை ஒரே நேரத்தில் நாள் முழுக்க நகராமல் பிடித்து வைப்பது என்றால் என்ன என்று குழாய் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். 1990களில் எடுத்த அந்த அளவீடுகளை வைத்து இன்றும் புதுப் புது மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். மாதிரிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அந்த எண்கள் நிற்கின்றன.

தொழில்நுட்ப உதவிப் பக்கம் வருவோம். தொழிற்சாலையிலிருந்து கூப்பிடுகிறவர் அறிகுறியைச் சொல்வார்: சுடர் தூக்குகிறது, உலை உறுமுகிறது, புகை வருகிறது, கேஸ் பில் கூடிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது உள்ளே என்ன போகிறது என்பதை. எல்.பி.ஜி.யிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறிய உலைகளில் இது அடிக்கடி வரும். புரொப்பேன் ஒரு பங்கு எரிய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31, மீத்தேனுக்கு 9.5தான். ஒரு கன மீட்டரில் உள்ள ஆற்றலும் அதே கணக்கில் குறைவு. அதனால் ஜெட் துளையை மாற்றாமல் வாயுவை மட்டும் மாற்றினால் உலை சூடேறாது, உடனே அழுத்தத்தைக் கூட்டுவார்கள், சுடர் தூக்கும், அப்புறம் உங்களைக் கூப்பிடுவார்கள். இன்னொன்று, புகைபோக்கியில் ஆக்சிஜன் 7 சதவீதம் காட்டுகிறது என்று காற்றைக் குறைத்துக்கொண்டே போவார்கள், கார்பன் மோனாக்சைடு ஏறிக்கொண்டே போகும். பார்த்தால் மாதிரி எடுக்கும் குழாயில் ஓட்டை, வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும். நேரில் போகாமல் தொலைபேசியிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியும், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு இரண்டின் அளவையும் சேர்த்துக் கேட்டால் போதும்.

உறுமல் மட்டும் தனி ஜாதி. சுடர் வெளியிடும் வெப்பமும் அறையின் ஒலி அலையும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மனிதரை நிலாவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜின் 1962இல் சோதனை மேடையிலேயே இதனால் அழிந்தது, அதைச் சரிசெய்ய சுமார் 2,000 முழு அளவுச் சோதனைகள் செய்தார்கள். ஓடும் இன்ஜினுக்குள் சின்ன வெடியை வேண்டுமென்றே வெடித்து, அதிர்வு தானாக அடங்குகிறதா என்று பார்த்து, எரிபொருள் தெளிக்கும் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். அவ்வளவு பெரிய விஷயம் என்பதால், தொழிற்சாலைக்காரர் உறுமுகிறது என்று சொன்னால் "பரவாயில்லை, பர்னர் என்றால் சத்தம் வரத்தான் செய்யும்" என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். எந்தச் சுமையில் ஆரம்பிக்கிறது, எதில் நிற்கிறது, சமீபத்தில் குழாய் நீளத்தையோ புகைபோக்கியையோ மாற்றினார்களா என்று கேளுங்கள்.

எதிர்காலம் பற்றி. நம் ஊரில் இந்தப் பதவிகள் பெரும்பாலும் ப்ராஜெக்ட் பணத்தில் ஓடுகின்றன, ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும், இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. நிரந்தரத் தொழில்நுட்பப் பதவிகள் உண்டு, குறைவு, அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கத் தயாராக இருங்கள். ஆனால் கற்ற கைக்கு வெளியே இடம் இருக்கிறது. திருச்சி பெல் போன்ற கொதிகலன் தயாரிப்பாளர்கள், இன்ஜின் கம்பெனிகள், கருவி விற்பவர்கள், வாயு பாதுகாப்புத் தணிக்கை செய்பவர்கள் எல்லோருக்கும் இந்த ஆட்கள் வேண்டும். ராக்கெட் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. எரிதலுக்கென்றே தேசிய மையம் வைத்திருக்கும் சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், 2024 மே 30 அன்று முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த இன்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிக் காட்டிவிட்டது. பி.எச்.டி. வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருடம் இந்த வேலை பார்த்துவிட்டுச் செய்யுங்கள், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரியும். இல்லாமலும் இருக்கலாம், ஆனால் எரிதல் வேதியியலை நீங்களே படித்தாக வேண்டும். எரிதல் வேதியியலைக் கணக்கிடும் கான்டெரா இலவச மென்பொருள்தான், அதில் 53 பொருள்கள், 325 வினைகள் கொண்ட ஜி.ஆர்.ஐ. மெக் 3.0 என்ற மீத்தேன் எரிதல் வினைப் பட்டியலைப் போட்டு உங்கள் பர்னரின் கலவையை ஓட்டிப் பாருங்கள். அளவீடு எங்கே இடிக்கிறது என்று மாணவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் உங்களை யாரும் அசிஸ்டென்ட் என்று சொல்ல மாட்டார்கள்.

பெயர் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பர்னரை வடிவமைத்து, அளவுத்திருத்தம் செய்து, பிழை வரம்பைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்தான், கடைசியில் நன்றி சொல்லும் வரியில் போட வேண்டிய ஆள் இல்லை. இதைச் சேரும் முன்பே பேராசிரியரிடம் பேசிவிடுங்கள், கட்டுரை எழுதி முடித்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். நல்ல பேராசிரியர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள், நான் பார்த்தவர்களில் பலர் அப்படித்தான்.

நேர்காணலுக்குப் போகும்போது சிலிண்டர் வைத்திருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்களா, எரிபொருளும் ஆக்சிஜனும் தள்ளித் தள்ளி இருக்கிறதா, கசிவு உணரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஓட்டமானிகளின் கடைசி அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேளுங்கள். கடைசியாக ஒன்று கேளுங்கள்: ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றினால், யாரையும் கேட்காமல் வாயுவை மூடிச் சோதனையை நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டா? உண்டு என்று தயங்காமல் சொன்னால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேருங்கள். பேராசிரியரைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றால் அந்த இடம் வேண்டாம்.